சீட்டில் இருந்த முகவரி

மதிப்பிற்குரிய டாக்டர் செல்லப்பன் நிர்மலா அம்மா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. சாலையில் மேல்மருவத்தூர் தாண்டி வரும் அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுக்கும் முன் ஒருமுறையும், ரிசல்ட் வந்த பின் ஒருமுறையும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. இந்த வட்டாரத்து நர்சுகளுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் ஆய்வு முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளிலும் பங்கெடுக்கிறேன். அந்த வகுப்பை உங்கள் கதையில்தான் ஆரம்பிப்பது வழக்கம். உங்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட கதை. அதற்கு நன்றி சொல்வது பாக்கி இருக்கிறது.

ஆய்வு என்றாலே எங்கள் நர்சுகளுக்கு முகம் சுருங்கிவிடும். "அதெல்லாம் பெரிய டாக்டருங்க சமாசாரம் சார், நமக்கு ரிப்போர்ட் எழுதவே பொழுது பத்தல" என்பார்கள். உடனே நான் 1985 கடைசிக்குப் போய்விடுவேன். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி, சின்னக் குழந்தைகளின் தாய். எய்ட்ஸ் கிருமி தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று பாரேன் என்று உங்கள் பேராசிரியை சுனிதி சாலமன் தலைப்பு கொடுக்கிறார். அது மேல்நாட்டு வியாதி, நம்ம ஊருக்கு வராது என்று ஊரே நம்பிய காலம். தயங்கிய உங்களை உங்கள் கணவர் ராமமூர்த்தி தைரியம் சொல்லி அனுப்பியதோடு, ஸ்கூட்டரிலும் கொண்டுபோய் விட்டார்.

200 பேரின் ரத்தம் வேண்டும். பம்பாய் மாதிரி சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனியாக ஒரு பகுதி கிடையாது. யாரை, எங்கே போய்த் தேடுவது? அரசு பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பழகினீர்கள். அவர்கள் சீட்டுகளில் முகவரிக்கான இடத்தில் 'வி ஹோம்' என்று திரும்பத் திரும்ப வந்தது. விசாரித்தால், விஜிலென்ஸ் ஹோம். போலீஸ் பிடித்த பெண்களை ரிமாண்டில் வைக்கும் இடம். காலையில் வேலைக்குப் போகுமுன் அங்கே போய், மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தீர்கள். கையுறைகூட இல்லை. பிரித்த சீரத்தை வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தீர்கள்.

இந்த இடத்தில் பேச்சை நிறுத்தி, அவரவர் ஓ.பி. ரிஜிஸ்டரைத் திறக்கச் சொல்வேன். ஊர்ப் பெயர், தொழில், எத்தனையாவது வருகை, பாதியில் நின்றுபோனவர் யார்? தினமும் அவர்கள் கையால் நிரப்பும் கட்டங்கள்தான். பத்து நிமிஷத்தில் யாராவது ஒருவர், "சார், தொழுப்பேடு பக்கத்துலேர்ந்து வர்றவங்க ரெண்டாவது தடவை வர்றதே இல்ல போல" என்பார். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்பேன். அவர் எண்ண ஆரம்பித்துவிட்டால் அன்றைய வகுப்பு பலித்தது என்று அர்த்தம். சாம்ப்ளிங் பற்றி ஸ்லைடு போட்டு நான் பேசிய எந்தப் பேச்சுக்கும் இந்தப் பலன் கிடைத்ததில்லை.

வேலூர்க் கதையைக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளோடு நீங்களும் கணவரும் ராத்திரி ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை சேர்ந்தீர்கள். வைராலஜி துறைத் தலைவர் ஜேக்கப் ஜான் இரண்டு இளைஞர்களை உதவிக்குக் கொடுத்தார். காலையில் எலைசா சோதனை தொடங்கியது. மதியம் கரண்ட் போனது. டீ குடித்துவிட்டு வந்து சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தால் சில குழிகள் மஞ்சள். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவில் செய்த வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் அதையே சொன்னது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு முதுகலை ஆய்வேட்டால் நாடே விழித்துக்கொண்டது.

கதை முடிந்ததும் பெரும்பாலும் ஏதாவது ஒரு நர்ஸ் கேட்பார்: "அந்தப் பொம்பளைங்ககிட்ட எதுக்கு ரத்தம் எடுக்கறோம்னு சொன்னாங்களா சார்?" சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள் என்று நீங்களே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். இன்று அப்படிச் செய்ய முடியாது; செய்யவும் கூடாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதனை கிடையாது. எங்கள் டியூபில் பெயர்கூட இருக்காது, நம்பர்தான். ரிமாண்டில் இருந்த பெண்ணால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்விக்கு என்னிடம் சமாதானமான பதில் இல்லை, அம்மா. ஆனால் சம்மதம் பற்றிய பாடத்தை உங்கள் கதையை வைத்துக்கொண்டே நடத்த முடிகிறது. அந்தப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

ஆய்வால் பலன் எங்கே என்று கேட்பவர்களுக்கு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைக் காட்டுவேன். அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழக அரசும் சேர்ந்து கொண்டுவந்தது. காசநோயாளிகளின் சாவு பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது என்று கணக்கு சொன்னது. அதனால் நோய் உறுதியானதுமே நர்ஸ் எடையும் உயரமும் பார்க்கிறார், காலை அழுத்தி வீக்கம் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டுகிறார், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும். நிற்க முடியாதவரை அன்றே வார்டில் சேர்க்க வழி செய்கிறார். தாளை நிரப்புவதும் ஆய்வில் ஒரு பங்குதான் என்று அந்த நர்சுக்குத் தெரிந்திருப்பது, என் கணக்கில், பெரிய விஷயம்.

கிங் இன்ஸ்டிடியூட்டில் 2010-இல் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். சுனிதி அம்மா 2015-இல் காலமானார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. நானறிந்தவரை, உங்கள் பெயர் எங்கள் வட்டாரத்து நர்சுகளுக்கே வகுப்பில் நான் சொல்லித்தான் தெரிகிறது.

ஒரு வேண்டுகோள். அந்த மூன்று மாதத்தில் யாரிடம் என்ன கேட்டீர்கள், எதைக் குறித்துக்கொண்டீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று நீங்களே தமிழில் எழுதித்தர வேண்டும். முப்பது பக்கம் போதும். அச்சடித்து இந்த வட்டாரத்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.


நம்பிக்கை மைய ஆலோசகர் ஒருவர்,
அச்சரப்பாக்கம்.