இரண்டு நூல் இடைவெளி

எங்களிடம் இருப்பது 15 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு பழைய எஸ்.யூ.வி. ஷார்ஜாவில் குடியேறிய புதிதில், பிறர் ஓட்டிய வண்டியாக வாங்கினோம். அதன் பின்கதவை முழுவதும் தூக்காமல், மேற்பாதியில் உள்ள கண்ணாடியை மட்டும் தனியே திறக்க முடியும். கடைக்குச் சென்று திரும்பும்போது பைகளை உள்ளே இறக்க அது மிகவும் உதவியது. பின்னாளில் எங்களைத் தலைகுனிய வைத்ததும் அதே கண்ணாடிதான்.

கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகள் இரண்டும் ஒரு கோடையில் தளர்ந்து போயின. இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். நாங்கள் செலவுக்கு அஞ்சி ஒன்றை மட்டும் மாற்றினோம். புதிய தண்டு ஒரு பக்கம் வலுவாக உந்த, பழையது மறுபக்கம் துவண்டு நிற்க, கண்ணாடி நாளடைவில் கீலிலிருந்து கோணலாக நகர்ந்தது. வலப்புற மூலையில் ஏறத்தாழ இரண்டு நூல் இடைவெளி விழுந்தது. பூட்டு விழுகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடித்துக் கோர்ஃபக்கானுக்குப் புறப்பட்டோம். 2019இல் திறந்த மலைச்சாலை அது. சுரங்கங்கள் வழியே செல்லும். காற்று இதமாக இருந்ததால் முன்கண்ணாடிகளைச் சற்றே இறக்கி வைத்திருந்தோம். பின்னிருக்கையில் இருந்த மகள், "வாப்பா, தலை வலிக்குது. புகை வாடை வருது" என்றாள். "கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வந்தால் தலை வலிக்காதா?" என்று கடிந்துகொண்டோம். சற்று நேரத்தில் குமட்டுகிறது என்றாள். வண்டியை நிறுத்தி இறங்கிக் காற்று வாங்கியதும் தெளிந்தாள். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

வீடு திரும்பிப் பொருள்களை இறக்கும்போதுதான், வெள்ளைப் போர்வையின் வலப்பக்கத்தில் மட்டும் கரும்படலம் படிந்திருந்ததைக் கண்டோம். அதன் நேர் மேலேதான் அந்த இரண்டு நூல் இடைவெளி.

கேரேஜ் வேலையில் நெடுநாள் பழகிய காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே வசிக்கிறார். போர்வையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "தம்பி, ஓடுற வண்டிக்குப் பின்னால காத்தழுத்தம் குறையும். சைலன்சர் புகை அங்கேயே சுத்திக்கிட்டு நிக்கும். சந்து கிடைச்சா உள்ள வந்துடும். நீங்க முன்கண்ணாடியை வேற இறக்கி வச்சு இழுத்து விட்டிருக்கீங்க" என்றார். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்ளும். தலைவலியும் குமட்டலும் அதன் முதல் அடையாளங்கள். எங்கள் மகள் சொன்னதும் அவற்றையேதான்.

மறுநாள் காக்காவின் மேற்பார்வையில் வேலையைத் தொடங்கினோம். முதலில் சைலன்சர் இணைப்புகளைச் சோதித்தோம்; அவற்றில் கசிவில்லை. பிறகு கீல்களைச் சுற்றி நாடா ஒட்டி, பழைய இருப்பிடத்தைப் பென்சிலால் குறித்தோம். ஒருவர் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்க, தண்டுகளைக் கழற்றினோம். கீல் நட்டுகளை முழுவதும் கழற்றாமல் தளர்த்தியதும், வலப்புறத்துப் பிளாஸ்டிக் வாஷர் நசுங்கியிருந்தது தெரிந்தது. அதை மாற்றி, இரு பக்கமும் சம இடைவெளி வரும்வரை கண்ணாடியை நகர்த்தினோம். நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாகவே இறுக்கச் சொன்னார் காக்கா. அளவுக்கு மீறி முறுக்கினால் அவ்வகைக் கண்ணாடி ஒரே நொடியில் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிவிடும். பூட்டின் கொக்கியையும் ரப்பர் பீடிங்கில் கண்ணாடி பதியும் அளவுக்கு நகர்த்தினோம். இம்முறை தண்டுகள் இரண்டையும் புதிதாகவே பொருத்தினோம்.

சோதிக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்தோம். பீடிங் நெடுகத் தாள் துண்டை வைத்துக் கண்ணாடியை மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். வலது மூலையில் தாள் வழுக்கியது. "இங்க இன்னும் சரியாகலை வாப்பா" என்றாள். இம்முறை மறுபேச்சின்றிக் கொக்கியை இன்னும் சற்று நகர்த்தினோம். பிறகு அவள் உள்ளே கைவிளக்குடன் அமர, வெளியிலிருந்து தண்ணீர் பாய்ச்சினோம். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மஃக்ரிபுக்குப் பின் அவளை அருகில் அமர்த்தி, "நீ சொன்னதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். எங்களை மன்னித்துவிடு" என்றோம். அவள் வெட்கத்துடன் சிரித்து, "உம்மா, அடுத்த வாரம் கோர்ஃபக்கான் போலாமா?" என்று கேட்டாள்.

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் பின்கதவின் பீடிங்கை ஒருமுறை தாள் வைத்துப் பார்த்துவிடுங்கள். பின்னிருக்கையிலிருந்து பிள்ளை ஏதேனும் சொன்னால், முதலில் வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.