பேராதனைப் பூங்காவும் பண்டிகைப் பலகாரமும்

கண்டி மாநகரிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் சென்றால் பேராதனையை அடையலாம். மகாவலி கங்கை இவ்விடத்தில் நேரே ஓட மனமில்லாதது போல வளைந்து, ஒரு நிலப்பரப்பை மூன்று புறமும் சூழ்ந்து செல்கிறது. அந்த வளைவினுள்ளே 147 ஏக்கர் பரப்பில் விரிந்திருப்பதே உலகப் புகழ் பெற்ற பேராதனைத் தாவரவியற் பூங்கா. நாயக்கர் வழிவந்த கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் அரச பூந்தோட்டமாக விளங்கிய இவ்விடம், 1821 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மூன் என்னும் தாவரவியலாளரின் பொறுப்பில் முறையான தாவரவியற் பூங்காவாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கேதான் அமைத்திருந்தார்.

பூங்காவுக்கு அணித்தே, ஹந்தானை மலையின் அடிவாரத்தில் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 ஆம் ஆண்டிலேயே சங்கம் கூட்டி உழைத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1942 இல் கொழும்பிற் பிறந்த பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குக் குடிபுகுந்தது. அருணாசலத்தின் பெயராலும் அவர்தம் தமையனார் இராமநாதனின் பெயராலும் அமைந்த மாணவர் விடுதிகள் இன்றும் அங்கே உள்ளன. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும், மண்டபத்திலிருந்து நூலகத்துக்கும் ஏறியும் இறங்கியும் நடந்தே ஆகவேண்டிய நிலம் அது. அங்கே பயிலும் இளைஞர் பலர் மெலிந்த உடலினராய் இருப்பதற்கு விடுதிச் சாப்பாடு மட்டுமே காரணமன்று!

நடப்போர் கூட்டம்

காலை வேளையில் கலஹா வீதியிலும் பல்கலைக்கழகச் சாலைகளிலும் வேறொரு கூட்டத்தாரைக் காணலாம். இவர்கள் மாணவரல்லர், நாற்பதைக் கடந்தோர். ஆசிரியர், எழுதுவினைஞர், வங்கி அலுவலர், இல்லத்தரசியர் எனப் பலரும் உடல் எடையைக் குறைக்கும் நோக்குடன் விரைந்து நடப்பர். அவர்களுள் நாமும் ஒருவர். தந்தைக்கு நீரிழிவு இருந்த குடும்பத்திற் பிறந்து, நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்தும் தொழிலைச் செய்பவர்க்கு வைத்தியர் இடும் கட்டளையே எமக்கும் இடப்பட்டது: "எடையைக் குறையுங்கள், இல்லையேல் மருந்துக் குளிகைகளுக்கு ஆயத்தமாகுங்கள்."

பூங்காவினுள் இரட்டைத் தேங்காய் மரங்கள் நிற்கின்றன. உலகில் உள்ள வித்துக்கள் யாவற்றினும் பெரியது அவற்றின் வித்தே. முதிர்ந்த வித்து 15 கிலோகிராமுக்கு மேலும் நிறுக்கும். அத்தகைய ஒன்றை முதுகிற் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் படியேறச் சொன்னால் யார் உடன்படுவர்? ஆயினும் அவ்வளவு மிகை எடையை முழங்காலின்மேல் ஏற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்காகத் திரிவோர் நம்மிடையே பலர்.

பெருஞ்சுமை முழுவதையும் ஒரேயடியாக இறக்க வேண்டுமென்பதில்லை. நீரிழிவின் வாசலில் நின்றவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான பெரியதோர் ஆய்வு, உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் குறிக்கோளாக வைத்தது. அவ்வழி நின்றோரிடையே நீரிழிவு புதிதாகத் தோன்றுவது 58 வீதம் குறைந்தது. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோவை ஒட்டியதே. 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம். எட்டமுடியாத சிகரம் அன்று.

தினமும் வரும் திருவிழா

எனினும் நடப்போரின் பேச்சைக் கேட்டால், அவர்களை வருத்துவது நடையன்று என்பது தெளிவாகும். "நாளை மறுநாள் திருமண வீடு, என்ன செய்வேன்?" "தீபாவளி வருகிறதே!" என்பனவே கவலைகள். ஆண்டில் சில நாள்களே வரும் விருந்தையும் பண்டிகையையும் எடைக்குறைப்பின் பகைவராக எண்ணி அஞ்சுகின்றனர்.

உண்மைப் பகைவன் வேறெங்கோ இருக்கிறான். மாலையானதும் வீதி முனையில் பீத்தோவனின் இசைத்துணுக்கு ஒன்று கேட்கும். அது 'சூன் பாண்' என நாட்டார் அழைக்கும் முச்சக்கர வண்டி. கண்ணாடிப் பெட்டியில் மாலு பாணும் சீனி பணிசும் கேக்கும் அடுக்கி, வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். பண்டிகைக்குத் தேதி உண்டு. இந்த வண்டிக்கோ நாள்தோறும் பண்டிகைதான்.

கணக்காசிரியரின் துணையின்றியே இதைக் கணித்துப் பார்க்கலாம். மாலைப் பணிஸ் ஒன்றில் 250 கலோரி என்று கொள்வோம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கலோரியே. ஆகவே ஒரு பணிசைச் சரிக்கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். தேவைக்கு மேலாக இப்பணிஸ் நாள்தோறும் உட்சென்றால் மாதத்தில் 7500 கலோரி மிகும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்குச் சமம்.

இனி விருந்தைப் பார்ப்போம். வாரத்தில் ஆறு நாள் 400 கலோரி குறைத்து உண்பவர் 2400 கலோரி சேமிக்கிறார். ஏழாம் நாள் திருமண வீட்டில் 800 கலோரி மிகையாக உண்டாலும், 1600 கலோரி இலாபமாகவே எஞ்சும். விருந்து அவரைக் கவிழ்க்கவில்லை. வேகத்தைச் சிறிது குறைத்தது, அவ்வளவே. பூங்காவிலுள்ள பெருமூங்கிற் குருத்து ஒரே நாளில் 30 சென்ரிமீற்றர் வரை வளரக் கூடியது. மனித உடல் அவ்வாறு ஓரிரவில் வளர்வதில்லை. அது நாள்தோறும் சிறுகச் சிறுகவே பெருக்கிறது.

முன்னோர் வகுத்த நாட்காட்டி

எம் முன்னோர் இனிப்பை வெறுத்தவரல்லர். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக்குப் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும், நவராத்திரிக்கு அவலும் கடலையும் என ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து வைத்தனர். இன்னின்ன நாளுக்கு இன்னது என்று இருந்தமையால், ஏனைய நாள்களில் நாவுக்கு ஏக்கம் குறைவு. உரிய நாளில் சுவையும் மிகுதி. மாவிடிக்கவும் வறுக்கவும் பாகு காய்ச்சவும் வீட்டார் அனைவரும் கைகொடுக்க வேண்டியிருந்தது. செய்த பலகாரத்திற் பெரும்பங்கு அயல் வீடுகளுக்குத் தட்டிற் சென்றது. ஆசையைத் தடுக்காமலே அளவைக் காத்த ஏற்பாடு இது.

விரதமும் அந்த நாட்காட்டியின் பகுதியே. கந்தசஷ்டியில் ஆறு நாள் நோன்பிருந்தவர் ஏழாம் நாள் பாறணையில் வயிறார உண்பார். அதனால் விரதம் கெட்டதென்று எவரும் வருந்துவதில்லை. பாறணையும் விரதத்தின் அங்கமே. எடை குறைப்போர் தம் விருந்து நாளை இக்கண் கொண்டு நோக்கினால் குற்ற உணர்வுக்கு இடமில்லை. முன்னரே குறித்த நாள், முன்னரே எண்ணிய அளவு, மறுநாள் வழக்கமான உணவு: இம்மூன்றுமே வேண்டுவன. நீரிழிவுக்கு ஊசியோ குளிகையோ பெறுவோர் மட்டும், நோன்பிருக்குமுன் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும்.

நனைந்தவரின் முக்காடு

"முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு?" என்று ஊரிற் சொல்வதுண்டு. எடைக்குறைப்பைக் கெடுக்கும் எண்ணம் இதுவே. காலையில் ஒரு வடை கூடிவிட்டது. "இன்றைய நாள் கெட்டது, இனி நாளைக்குப் பார்ப்போம்" என்று இரவுவரை கட்டவிழ்த்து உண்கிறோம். இவ்வியல்பை ஆய்வாளரும் கண்டுள்ளனர். ஹெர்மன், மாக் என்னும் இருவர் 1975 இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தி வாழ்வோருக்கு முதலிற் பாற்பானம் பருகக் கொடுத்துப் பின்னர் ஐஸ்கிறீம் வைத்தனர். பாற்பானம் பருகியவர் குறைவாக உண்பார் என்றன்றோ நினைப்போம்? பருகாதவரைக் காட்டிலும் பருகியவரே மிகுதியாக உண்டனர். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்ததும், எஞ்சியதையும் தாமே உடைத்தனர்.

ஒரு வடை 100 கலோரியை ஒட்டியது எனில், அதனால் நேர்ந்த கேடும் அவ்வளவே. கேடு பெரிதாவது அதற்குப் பின்னர் நாம் செய்வதனால். ஆதலின் தவறிய வேளையை அடுத்த வேளையிலேயே திருத்துவது அறிவு. திருத்துவதென்றால் பட்டினி கிடப்பதன்று. வழக்கமான சோறு, கறி, கீரை என்று திரும்புவதே. பட்டினி கிடந்தவர் மறுவேளையில் மிகுதியாக உண்ணக்கூடும்.

விருந்துக்கு மறுநாள் காலையில் எடைக்கருவியில் ஏறுவதும் நன்றன்று. மாப்பொருள் மிகுதியாக உட்சென்றால் உடல் அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோசனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கும். ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேரும். ஊறுகாய், பொரியலின் உப்பும் நீரைப் பிடித்து வைக்கும். ஒரே இரவில் ஒரு கிலோ ஏறியதாகக் கருவி காட்டினால் அதிற் பெரும்பகுதி நீரே. சில நாள்களில் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே வேளையில் நிறுத்துப் பார்ப்பதே மெய்யான நிலையைக் காட்டும்.

கன்னொறுவையில் ஒரு பாடம்

ஆற்றைக் கடந்தால் கன்னொறுவை. 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த களம் அது. இன்று விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ள இடம். அங்கே திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் 'ஹெல பொஜுன்' உணவுச்சாலை புகழ் பெற்றது. குரக்கன், அரிசிமா, உளுந்து, பயறு, இலைக்கஞ்சி எனப் பழைய உணவுகளை நம் கண்முன்னேயே சமைத்து அளிக்கின்றனர். கோதுமை மாவுக்கு அங்கே இடமில்லை. குடும்பத்துடன் பேராதனை வருவோர் தவறாது காணத்தக்கது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். "குரக்கன்தானே" என்று மூன்று நான்கு உண்போரையும் காண்கிறோம். மலைநாட்டின் கித்துள் பாணியும் அவ்வாறே. எருமைத் தயிரில் அதை ஊற்றி உண்ணும் சுவைக்கு ஈடில்லை. ஆனால் மரத்திலிருந்து இறங்கியதென்பதால் அது இனிப்பல்லாமற் போய்விடாது. இரண்டு மேசைக்கரண்டிப் பாணியில் 100 கலோரிக்குக் குறையாது. பாணி வேண்டுமெனில் அன்று கேக்கை விடலாம்; கேக் வேண்டுமெனில் பாணியை விடலாம். மேசையில் உள்ள அனைத்தையும் சிறிது சிறிதாகக் கொறிப்பதைவிட, உள்ளம் நாடும் ஒன்றைத் தேர்ந்து, அமர்ந்து, மென்று, சுவைத்து உண்பது மனநிறைவைத் தரும்.

தேநீருக்கும் இம்முறை பொருந்தும். தேயிலை வித்துக்கள் இந்நாட்டில் முதன்முதல் ஊன்றப்பட்டதும் பேராதனைப் பூங்காவில், 1824 இல், என்பது வரலாறு. இரண்டு தேக்கரண்டிச் சீனியுடன் நாளுக்கு மூன்று கோப்பை பருகினால், ஏறத்தாழ 25 கிராம் சீனி சேர்ந்துவிடும். சேர்க்கப்படும் சீனியை இவ்வளவினும் குறைப்பது மேலும் நன்மை தருமென்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவுறுத்தியது. யாழ்ப்பாணத்து முதியோர் வெறுந்தேநீரைப் பருகி, இடையிடையே பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொள்வர். இனிப்பு நாவிற் படுகிறது. அளவோ சிறு துண்டோடு முடிகிறது.

விருந்தோம்பலும் வேண்டாமையும்

"இன்னும் ஒன்று வையுங்கள், எங்களுக்காக" என்று வற்புறுத்தும் இல்லத்தரசியரின் அன்பை எவ்வாறு மறுப்பது? இலையை மூடி எழுந்து விடுவது பண்பன்று. முதலிற் குறைவாகப் பெற்று, அவர் வற்புறுத்தும்போது ஒன்று ஏற்றுக்கொண்டால் இரு பக்கமும் மனம் குளிரும். பல்கலைக்கழக வளாகத்திலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலில் பிரசாதம் அகங்கை அளவே கிடைக்கிறது. குறைந்ததென்று எவரும் முறையிடக் காணோம்.

இல்லத்தரசியருக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டில் ஒருவர் எடை குறைக்க முயல்கிறார் எனில், பண்டிகை நாளிற் பலகாரத்தை மறைத்து வைக்க வேண்டா; அவருக்கும் ஒரு தட்டு கொடுங்கள். மறுநாள் எஞ்சியதை மட்டும் அயலாருக்கு அனுப்பிவிடுங்கள். மேசைமேல் ஒரு வாரம் இருக்கும் டப்பாவே ஆளைக் கெடுப்பது. மாணவர்களே, நீங்கள் இப்போது ஏறும் ஹந்தானைச் சரிவுகள் பட்டம் பெற்றபின் உங்களோடு அலுவலகத்துக்கு வரப்போவதில்லை. நடையை மட்டுமேனும் உடன்கொண்டு செல்லுங்கள்.

திருக்குறளில் உணவின் அளவைப் பேசும் 95 ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்றே பெயர். சுவையைத் துறக்குமாறு வள்ளுவர் அங்கே கட்டளையிடவில்லை. அளவறிந்து, பசித்து உண்ணவே சொல்கிறார். அடுத்த பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் உள்ளதென்று நாட்காட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அச்சமின்றி உண்ணுங்கள். அதுவரை மாலையில் வரும் வண்டியின் இசையைக் கேட்டு இன்புறுவதற்குத் தடையேதுமில்லை. வாசற்கதவு மட்டும் மூடியிருக்கட்டும்.