ஏழு ஆண்டுகள் வால்ஐ பிடிக்கத் தடை... மீண்டு வந்த மினசோட்டாவின் ரெட் லேக்!

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை. நள்ளிரவு 12 மணி தாண்டி ஒரு நிமிடம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், இந்த நிமிடத்துக்காகத் தூங்காமல் காத்திருக்கும் ஆட்கள் உண்டு. வால்ஐ மீன்பிடி சீசன் தொடங்கும் நேரம் அது.

பல வருடங்களில் இது அன்னையர் தின வார இறுதியிலேயே வந்து நிற்கும். அம்மாவோடு வீட்டில் இருப்பதா, ஏரிக்குப் போவதா? மாநில அரசே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வார இறுதியில் மினசோட்டா அம்மாக்கள் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போடலாம். அம்மாவையும் படகில் ஏற்றிக்கொண்டால் பிரச்னை முடிந்தது!

வால்ஐ, மினசோட்டாவின் மாநில மீன். இருட்டில் டார்ச் அடித்தால் பூனையின் கண்போல இதன் கண் பளபளக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், மங்கலான வெளிச்சத்திலும் இரையைக் கண்டுபிடித்துவிடும். தெளிந்த நீர் ஏரிகளில் இதைப் பிடிக்க அந்திவேளை வரை காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

மாநிலத்தின் வடக்கே இருக்கும் அப்பர் ரெட் லேக்கில் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. பக்கத்திலேயே பரந்து கிடக்கும் சதுப்புநிலத்தின் சாயம் இறங்கி, ஏரித் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். உள்ளே எப்போதும் அரை இருட்டு. பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 அடிக்குள்தான். எனவே பட்டப்பகலிலும் கரையோரத்திலேயே மீன் கடிக்கும்.

ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் சிற்றூர் வாஸ்கிஷ். டாமரக் ஆறு ஏரியில் கலக்கும் இடம் இது. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும் ஏரியில் பனி உடைந்ததும், வால்ஐ மீன்கள் முட்டையிட ஆற்றை நோக்கிக் கிளம்பும். சீசன் தொடங்கும்போது பெண் மீன்கள் பெரும்பாலும் வேலையை முடித்துக்கொண்டு ஏரிக்குத் திரும்பியிருக்கும். ஆண் மீன்கள் மட்டும் முகத்துவாரத்தைச் சுற்றியே திரியும்.

கொக்கியின் கழுத்தில் சிறு உலோகக் குண்டு வைத்த தூண்டிலை இங்கே 'ஜிக்' என்கிறார்கள். அதில் உயிருள்ள பொடி மீன் ஒன்றைக் கோத்து, தரையைத் தொடும்வரை இறக்கி, மெல்ல எழுப்பி எழுப்பி விடுவதுதான் வித்தை. தண்ணீர் இன்னும் சில்லென்று இருப்பதால் மீனும் சோம்பலாக இருக்கும். வேகமாக இழுத்தால் துரத்தி வராது. காற்றடித்து லேசாக அலை எழும் நாள் என்றால் கூடுதல் அதிர்ஷ்டம்.

இவ்வளவு கொடுக்கும் இந்த ஏரியில், 1990-களின் நடுவில் வால்ஐ ஏறக்குறைய காலி!

அப்பர், லோயர் இரண்டையும் சேர்த்தால் ரெட் லேக்கின் பரப்பு 1,100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். லோயர் முழுவதும், அப்பரின் மேற்குப் பகுதியும் ஒஜிப்வே பழங்குடியினரின் ரெட் லேக் நேஷனுக்குச் சொந்தம். வெளியாட்கள் தூண்டில் போடுவது அப்பரின் கிழக்குப் பகுதியில்தான். முதல் உலகப்போர் நேரத்தில் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1917-ல் இங்கே வணிக மீன்பிடிப்பு தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை. பழங்குடியினரின் வலை, திருட்டுத்தனமாக வெளியே விற்ற மீன், மாநிலப் பக்கத்துத் தூண்டில்கள் என எல்லாம் சேர்ந்து ஏரியைத் துடைத்துவிட்டன. இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் நிறுத்தியவர்கள் பழங்குடியினர்தான். 1997-ல் தங்கள் பிழைப்பான வணிக மீன்பிடிப்பைத் தாங்களே நிறுத்தினார்கள். 1999-ல் பழங்குடி நிர்வாகமும் மாநில அரசும் மத்திய அரசும் கூடி ஒப்பந்தம் போட்டன. ஏரி மீளும்வரை யாரும் வால்ஐ பிடிக்கக் கூடாது!

1999, 2001, 2003 என மூன்று முறை, மொத்தம் சுமார் 10 கோடி மீன்குஞ்சுகளை ஏரியில் விட்டார்கள். பிறந்து சில நாள்களே ஆன, கொசுப்புழு அளவுக் குஞ்சுகள். வால்ஐ இல்லாத அந்த இடைவெளியில் கிராப்பி என்ற இன்னொரு மீன் பெருகி, அதைப் பிடிக்க வந்த கூட்டம்தான் கரையோரக் கடைக்காரர்களைக் கொஞ்சம் காப்பாற்றியது.

2006 மே மாதம் தடை நீங்கியது. அந்த முதல் சீசனில் ஒருவருக்கு 2 மீன்கள் மட்டுமே அனுமதி. அந்த எண்ணிக்கையும் வைத்துக்கொள்ளும் நீளமும் அதன்பின் ஏரியின் நிலையைப் பார்த்து மாறிவருகின்றன. பெரிய மீன்களில் பெரும்பாலானவை முட்டை சுமக்கும் பெண்கள் என்பதால், அவற்றைக் காப்பதில்தான் கண்டிப்பு அதிகம். படகில் அளவுகோல் இல்லாமல் போக முடியாது.

அனுமதித்த அளவில் கிடைத்தால், கரையிலேயே சமையல். முள் நீக்கிய சதையை மாவில் புரட்டி, வாணலியில் பொரித்து, உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். மீன் வாடை அதிகம் இல்லாத வெள்ளைச் சதை. முள்ளுக்குப் பயந்து மீனைத் தொடாத குழந்தைகளும் சாப்பிடுவார்கள். மீன்பிடிக்காதவர்களுக்கு வாஸ்கிஷில் இன்னொரு வேலை இருக்கிறது. சதுப்புநிலத்துக்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளும் நடைபாதை. ஏரிக்கு அந்த டிகாஷன் நிறம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே காலடியிலேயே பார்க்கலாம்.

தெற்கே, ரெட்பி ஊரில் பழங்குடியினரின் மீன் பதனிடும் ஆலையும் இயங்குகிறது. ரெட் லேக் வால்ஐ அங்கிருந்து மீண்டும் விற்பனைக்குப் போகிறது.