அல் வக்ராவில் ஒரு வியாழன் இரவு

கட்டாருக்கு நாங்கள் போனது உதைபந்தாட்டம் பார்ப்பதற்கு அல்ல, தம்பியைப் பார்ப்பதற்கு. 2010இல் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவனுக்குப் பதினாலு வயது. 2018இல் அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். இலங்கைக்குப் போக எங்களுக்கு இன்னும் மனம் துணியவில்லை. அவனுக்கு ஜேர்மனி விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்களுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகுதான் ஒரு வழி திறந்தது. தொழிற்சாலையில் இரண்டு கிழமை லீவு எடுத்து, ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு, 2024 தை நடுப்பகுதியில் டோகாவில் போய் இறங்கினோம்.

விமான நிலையத்தில் தம்பியை உடனே அடையாளம் தெரியவில்லை. தொலைபேசியில் நெடுகப் பார்த்த முகம்தான். நேரில் ஆள் எங்களைவிட உயரமாக நின்றான். மகன்தான் முதலில் "சித்தப்பா" என்று ஓடினான்.

அந்த நாட்களில் அங்கே ஆசியக் கிண்ணப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. சீனாவில் நடக்க வேண்டியவை. கொரோனாக் காலத்தில் சீனா கைவிட்டதால் கட்டாருக்கு வந்தன. 24 நாடுகள், ஒன்பது மைதானங்கள். அவற்றில் ஏழு 2022 உலகக் கிண்ணத்துக்குப் பாவித்தவை. அந்த மைதானங்களில் ஒன்றுக்குப் போகும் தெருவில் குழாய் தாழ்த்தியவன் எங்கள் தம்பி. ஆனால் ஒரு மைதானத்துக்குள்ளும் அவன் கால் வைத்ததில்லை. உலகக் கிண்ணம் நடந்த மாதம் அவனுக்கு இரவு வேலை.

"வியாழக்கிழமை இரவு மட்ச் இருக்கு அண்ணை. அடுத்தநாள் வெள்ளி எனக்கு லீவு. ரிக்கற் எடுத்திட்டன்" என்றான். ஒரு ரிக்கற் 25 ரியால். நாலு பேருக்கு 100. கட்டாரில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் மாதம் 1000 ரியால் என்று 2021இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கில் அது மூன்று நாள் கூலி. காசை நீட்டினோம், வாங்கவில்லை. முதலில் அவனைக் கூப்பிட்ட கொம்பனி நாலு மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. அப்போது முதலாளியின் கடிதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாது. அந்த விதியை 2020இல் நீக்கிய பிறகுதான் அவன் இப்போதைய இடத்துக்கு மாறினான். இதையெல்லாம் அவன் தொலைபேசியில் எங்களுக்குச் சொன்னதே இல்லை. மெட்ரோ ரயிலில் போகும்போதுதான் சொன்னான்.

டோகாவில் இருந்து தெற்கே சிவப்பு வழித்தடத்தின் கடைசித் தரிப்பு அல் வக்ரா. முன்பு முத்துக் குளிப்பவர்களும் மீனவர்களும் வாழ்ந்த ஊர். அங்குள்ள அல் ஜனூப் மைதானத்தை பக்தாத்தில் பிறந்த ஸாஹா ஹடீத் என்ற பெண் கட்டடக் கலைஞர், அவ்வூர்ப் பாய்மர வள்ளங்களை நினைத்து வடிவமைத்தார். வெளிச்சத்தில் கூரையைப் பார்த்தபோது காற்றுப் பிடித்த பாய் போலவே இருந்தது. எங்கள் அப்பு மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். "அப்பு பாத்திருந்தால், பாய் கட்டினது பிழை எண்டு சொல்லியிருப்பார்" என்று தம்பி சிரித்தான்.

தை 18. ஐக்கிய அரபு இராச்சியமும் பலஸ்தீனமும் மோதின. 40,000 பேருக்கு மேல் சனம். அரபு இராச்சியம் பக்கத்து நாடு. ஆனாலும் எங்களைச் சுற்றி எங்கும் பலஸ்தீனக் கொடிதான். பலஸ்தீனம் 1998இல் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் சேர்க்கப்பட்ட அணி. இது அவர்களுக்கு மூன்றாவது ஆசியக் கிண்ணம். அதுவரை ஒரு போட்டியிலும் வென்றதில்லை. ஊரில் லீக் போட்டிகள் 2023 ஒக்ரோபரோடு நின்றுவிட்டன. சொந்த மைதானத்தில் ஆட வழியில்லை. அணியில் காசாவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வீட்டில் குண்டு விழும்போது இவர்கள் எப்படிப் பந்தில் கண் வைக்கிறார்கள் என்று எங்களுக்கு ஆச்சரியம். 2009இல் ஒரு வேலையிலும் எங்களுக்குக் கை ஓடவில்லை.

23ஆம் நிமிடத்தில் சுல்தான் ஆதில் தலையால் அடித்து அரபு இராச்சியத்துக்கு கோல். பிறகு அவர்களின் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பலஸ்தீனத்துக்குத் தண்டனை உதை. தாமர் சியாம் அடித்ததை கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு.

இடைவேளையில் பக்கத்தில் இருந்த பெரியவர் மகனுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி "சிறீலங்கா" என்றான். மகன் "இல்லை, ஜேர்மனி" என்றான். நாங்கள் பதில் சொல்லாமல் முழித்தோம். தெரிந்த ஆங்கிலத்தில், 1990 யூனில் எங்கள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டோம், மல்லாகத்தில் முகாமில் வளர்ந்தோம் என்றோம். அவர் தலையை ஆட்டினார். அவரின் தகப்பன் 1948இல் யாழ்ப்பாணம் போலவே கடலோர ஊரான யாஃபாவில் இருந்து வந்தவராம். இவர் பிறந்தது குவைத்தில். 1990இல் ஈராக் புகுந்த பிறகு அங்கிருந்தும் வெளிக்கிட்டு, அலைந்து, இப்போது டோகாவில். யாஃபாவைக் கண்டதே இல்லை. "உங்கள் ஊர் திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டார். மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல் விட்டார்கள், எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிச்சமாம் என்றோம். "அத்திவாரம் இருக்கிறதே" என்றார். அதில் பகிடி இல்லை.

50ஆம் நிமிடத்தில் அரபு இராச்சிய வீரர் ஒருவர் தலையில் பட்டுப் பந்து அவர்களின் வலைக்குள்ளேயே போனது. பெரியவர் எழும்பி எங்களைக் கட்டிப்பிடித்தார். தம்பி தொண்டை கட்டும்வரை கத்தினான். இவன் ஊரில் இளவாலைப் பெடியளோடு விளையாடித் திரிந்த அதே பதினாலு வயதுத் தம்பிதான் என்று அப்போதுதான் எங்களுக்குப் பட்டது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. மகன் சித்தப்பாவின் தோளில் நித்திரை.

23ஆம் திகதி பலஸ்தீனம் ஹொங்கொங்கை 3-0 என்று வென்றது. ஆசியக் கிண்ணத்தில் அவர்களின் முதல் வெற்றி. அதைத் தங்குமிடத்துத் தொலைக்காட்சியில் ஒன்றாக இருந்து பார்த்தோம். 28ஆம் திகதி நாங்கள் திரும்பிவிட்டோம். அடுத்தநாள் கட்டாரிடம் 1-2 என்று தோற்று வெளியேறினார்கள்.

அன்று இரவு தம்பி அழைத்தான். கன நேரம் மட்சைப் பற்றியே கதைத்தான். வைக்கும்போது, "அண்ணை, அடுத்த ஆசியக் கிண்ணம் 2027இலை சவூதியிலையாம்" என்றான். "பாப்பம்" என்றோம். பிறகு மனைவி கேட்டாள்: "ஏன், அதுக்குள்ளை ஊரிலை சந்திக்க ஏலாதோ?" இந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.