தாத்தாவின் கடைவாய்ப் பல்

நான் பங்காருபேட்டைக்காரன் என்றதும் விடுதி நண்பர்கள் தங்கம் கேட்பது வழக்கம். எங்கள் ஊரில் இருப்பது இரயில் சந்திப்புத்தான். தங்கம் இருந்ததோ, அங்கிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப்பாதையோரத்துச் சுரங்கங்களில். அவையும் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பம் எங்களுடையது. சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்தும் வேலையிலேயே தாத்தாவின் வாலிபம் கழிந்தது.

சென்ற ஆண்டு அவருக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. கழற்றி மாட்டும் பல்செட்டு அவருக்கு ஆகாது. என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதிக்கச் செய்தேன். மாதங்கள் சில கழித்து அதன்மேல் பல் கட்டினார்கள். மறுநாளே தகராறு!

"இந்தப் பல்லு மேல்பல்லைத் தொடவே மாட்டேங்குது கண்ணு. காசை வாங்கிக்கிட்டுக் குட்டைப் பல்லு வச்சிட்டாரு."

நானோ இயற்பியல் முதுகலை மாணவன். சும்மா இருப்பேனா? தாத்தாவை அழைத்துக்கொண்டு போய், பல்லை உயர்த்திக் கட்டித் தரவேண்டும் என்று மருத்துவரிடம் வாதாடினேன். அவர் கோபிக்கவில்லை. மெல்லிய தாள் நறுக்கு ஒன்றை அந்தப் பல்லின்மேல் வைத்து, "பெரியவரே, மெல்லக் கடியுங்கள்" என்றார். தாள் உருவிக்கொண்டு வந்தது. "பலமாய்க் கடியுங்கள்" என்றார். தாள் நின்றுவிட்டது. "இதற்குமேல் உயர்த்தினால் எலும்புதான் துன்பப்படும்" என்றார்.

வீட்டிற்கு வந்து படித்த பிறகே என் அவசரம் எனக்கு விளங்கியது. நண்பர்களே, இயற்கைப் பல் எலும்பில் நேரே ஊன்றியதன்று. இடையில், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் அதைத் தொட்டில்போலத் தாங்குகிறது. கடியை வாங்கி வேர் நெடுகிலும் பகிர்ந்தளிப்பது அதுவே. சோற்றில் கல் அகப்பட்டால் தாடையைச் சட்டென நிறுத்தச் சொல்வதும் அதிலுள்ள நரம்புகளே. திருகுக்கு இந்தப் படலம் இல்லை. எலும்பு உலோகத்தை நேரே பற்றிக்கொள்கிறது. சுவீடன் நாட்டுப் பிரோனமார்க் 1952-இல் முயல் எலும்பில் கண்டு, 1965-இல் மனிதருக்குப் பயன்படுத்தியது இந்தப் பிடிப்பைத்தான்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், கடிக்கும்போது இயற்கைப் பல் 25 முதல் 100 கூறு வரை அமிழும். திருகு 3 முதல் 5 கூறுதான். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் பலமான கடியெல்லாம் யார் தலையில் விழும்? டைட்டானியமோ கெட்டி எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. ஆதலால் விசை நுனிவரை சமமாய் இறங்காமல், எலும்பு தொடங்கும் கழுத்துப் பகுதியிலேயே பெரிதும் குவிகிறது. சாய்வாய் அரைத்தாலோ திருகு நெம்புகோலாகி அவ்விடத்தை நெம்புகிறது. அளவான பாரம் எலும்பை வலுப்படுத்தும். மிஞ்சினால் கரைக்கவும் கூடும்.

இவ்வளவையும் தாளில் படம் போட்டுத் தாத்தாவுக்கு விளக்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"தூணை நேரா மேல்பாறையில முட்டவிடமாட்டோம்டா. நடுவுல கட்டையும் ஆப்பும் வைப்போம். பாறை இறங்கினா ஆப்பு நசுங்கும், மரம் முனகும், நாங்க ஓடிடுவோம். உன் திருகுக்கு ஆப்பும் இல்லே, முனகவும் தெரியாது. அதான் டாக்டர் இடம் விட்டிருக்காரு. நீ ஏன் அவருகிட்டே சண்டைக்குப் போனே?"

போகச் சொன்னவரே அவர்தான்! அதை நான் நினைவூட்டவில்லை.

தாத்தாவுக்கு உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. அதற்கு இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாத உதவித்தொகை அதற்கென்று எடுத்துவைத்தாயிற்று.