வரிசையில் நிற்கும் கடிதங்கள்

மெயில் சர்வர் நிர்வாகத்துக்கான பயிற்சி பெரும்பாலும் ஐந்து நாள். சென்னையில் நான் பார்த்த ஆய்வகத்திலும் அதே கணக்குதான். திங்களன்று லினக்ஸும் டிஎன்எஸ்ஸும், செவ்வாயன்று கடிதத்தை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், புதனன்று வந்ததைப் பெட்டியிலிருந்து படிக்கத் தரும் டவ்காட், பிறகு ஸ்பேம் வடிகட்டி, சான்றிதழ், பேக்கப். வந்திருந்தவர்கள் புதியவர்கள் அல்லர். நெட்வொர்க்கிலும் டெஸ்க்டாப் சப்போர்ட்டிலும் சில வருடங்கள் இருந்து பழகிய கைகள். ஒரு மேசையில் அமைத்த சர்வரிலிருந்து அடுத்த மேசையின் சர்வருக்குச் சோதனைக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் "சார், வந்துடுச்சு" என்று குரல் எழும். அந்தப் பாடம் அங்கே முடியும். எனக்கு உறுத்தியது அந்த முடிவுதான். போய்ச் சேர்ந்த கடிதத்தால் நிர்வாகிக்கு வேலை எதுவும் இல்லை. போகாமல் வழியில் நிற்கும் கடிதம்தான் அவருடைய தொழில். அதை எப்படிப் படிப்பது, எவ்வளவு நேரம் தொடாமல் விடுவது என்பதற்கு அந்த ஐந்து நாளில் ஒதுக்கியிருந்தது ஒரு பிற்பகலில் பாதி.

இது ஏன் பெரிய குறை என்பது மின்னஞ்சல் நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற நெறிமுறை ஆவணத்தில் தொடங்கி, 2008-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321 வரை, இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வது மூன்றிலக்க எண்களால். கடிதத்தின் உடல் முழுவதும் வந்து சேர்ந்தபின் எதிர்முனை 250 என்று சொன்னால் அது வெறும் 'சரி' அல்ல. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்குச் சமம். அந்தக் கணத்திலிருந்து கடிதத்துக்குப் பொறுப்பு வாங்கியவருடையது. பின்னால் இயந்திரம் படுத்துவிட்டது, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இடப்பற்றாக்குறை வந்துவிட்டது என்ற சாக்கெல்லாம் செல்லாது என்று ஆர்எஃப்சி 5321 எழுதியே வைத்திருக்கிறது. வலைத்தளம் திறக்கவில்லை என்றால் பார்ப்பவர் மறுபடி தட்டிக்கொள்வார். அங்கே எதுவும் அடகில் இல்லை. மெயில் சர்வரின் கிடங்கில் இருப்பதோ அடுத்தவர் பொருள். வாங்க விருப்பமில்லை என்றால் 250 சொல்வதற்கு முன்பே, வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு பிறகு 'அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை' என்று திருப்பி அனுப்பினால், ஸ்பேம் காலத்தில், அந்தத் திருப்பல் பொய்யாக எழுதப்பட்ட முகவரிக்காரர் தலையில்தான் விழும்.

மறுப்பிலும் இரண்டு சாதி உண்டு. ஐந்தில் தொடங்கும் எண் என்றால் கதவு மூடிவிட்டது. நான்கில் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா'. நான்கு கிடைத்த கடிதம் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைத்தான் இவர்கள் க்யூ என்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் மறுமுயற்சிக்கான இடைவெளி 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை நீளும். ஐந்து நாள் இப்படி முயன்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பியவருக்குத் திருப்பும். அதுவரை தாமதம் என்று ஒரு வரிகூட அவருக்குப் போகாது; அந்த எச்சரிக்கை இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஆக மென்பொருளுக்கு இயல்பிலேயே பொறுமை உண்டு. பொறுமை இல்லாதவர்கள் தொலைபேசியில் கூப்பிடும் மேலாளரும் 'டிக்கெட்டை மூடு' என்று நிற்கும் அட்டவணையும். அந்த நெருக்கடியில் நிர்வாகியின் கை போகும் இடம் போஸ்ட்சூப்பர் என்ற கட்டளை. அதோடு 'நீக்கு, எல்லாம்' என்ற பொருளில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தட்டினால், நிச்சயம்தானா என்று ஒருமுறைகூடக் கேட்காமல் வரிசை முழுவதையும் துடைத்துவிடும். நூறு பேரிடம் கொடுத்த 250 ஒரு வரியில் பொய்யாகும். அந்த ஆய்வகத்தில் பயிற்றுநர் ஒரு பழக்கம் வைத்திருந்தார், அது எனக்குப் பிடித்தது. "மெயில் போகல சார்" என்று யார் சொன்னாலும் திரையைப் பார்க்க மாட்டார், "யார் சொன்னா போகலன்னு? லாக் என்ன சொல்லுது, அந்த வரியைப் படிங்க" என்பார். படிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். அந்தப் பழக்கம் பாடத்திட்டத்தில் இல்லை என்பதுதான் வருத்தம்.

அவசரத்துக்கும் வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை உலகம் முழுவதும் ஒரே நாளில் பார்த்தது 2022 ஜனவரி 1 அன்று. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019-ஐச் சொந்த இடத்தில் வைத்திருந்த அலுவலகங்களில் புத்தாண்டு பிறந்த கையோடு கடிதங்கள் நின்றுபோயின. காரணம் தாக்குதலோ வன்பொருள் பழுதோ அல்ல. தீம்பொருள் சோதிக்கும் பகுதி தன் பதிப்பு எண்ணைத் தேதியாகவே எழுதும் வழக்கம் கொண்டது. அன்று அது 2201010001 ஆனது. அதைப் பிடித்துவைக்க ஒதுக்கியிருந்த 32 பிட் கட்டத்தின் கொள்ளளவு 2147483647. எண் கொள்ளவில்லை, சோதிக்கும் பகுதி விழுந்தது, அதைத் தாண்டிப் போக வேண்டிய கடிதங்கள் வரிசையில் தேங்கின. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பழுது கடிதங்களை அழிக்கவில்லை, நிறுத்தி மட்டுமே வைத்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையின் இயல்பு ஆயுள் 2 நாள். அதற்குள் நிகழ்வுப் பதிவில் அந்த எண்ணைப் படித்து, சோதனையைத் தற்காலிகமாக விலக்கினால் போதும், அல்லது மைக்ரோசாஃப்ட் தந்த ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும், எல்லாம் நகர்ந்துவிடும். சர்வரை மறுபடி மறுபடி அணைத்து ஏற்றுவதால் அந்த எண் சிறியதாகிவிடாது. நிறுவுவதை மட்டும் கற்றவருக்கு இந்த மாதிரி நாளில் கையில் ஆயுதம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வரிசையைப் படிப்பதைப் பாடமாக்க வேண்டும் என்பதற்கு முதல் மறுப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இப்போது யார் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறார்கள், எல்லாம் கிளவுடுக்குப் போயாயிற்றே? பாதி உண்மை. மத்திய அரசு ஊழியர்கள் பல லட்சம் பேரின் மின்னஞ்சல்கூட ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. ஆனால் முகவரியின் வால் மாறவில்லை. அந்தப் பெயர்களுக்கான பொறுப்பு தேசியத் தகவலியல் மையத்திடமே இருக்கிறது. கிடங்கை வாடகைக்கு விடலாம், பெயரை விட முடியாது. கடிதம் உண்மையில் அந்தப் பெயரிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் பதிவுகளும் பெயருக்கு உரியவர் எழுத வேண்டியவை. அதில் எஸ்பிஎஃப் ஒன்றைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் ஆனால் பிழை என்று விதி. சம்பளச் சீட்டுக்கு ஒரு நிறுவனம், விளம்பரத்துக்கு ஒன்று, வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகும் அலுவலகம் அந்தப் பத்தைத் தாண்டுவது தெரியாமலே தாண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோரிடம் இந்த மூன்றும் கட்டாயமாகக் கேட்கப்படுகின்றன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. இதெல்லாம் கிளவுட் வாடிக்கையாளர் தலையில் உள்ள வேலை. தவிர, அந்த ஜோஹோவுக்குள்ளும் யாராவது ஒருவர் க்யூவின் முன்னால் நிற்கத்தானே வேண்டும்?

இரண்டாவது மறுப்பு கனமானது. எல்லா வரிசையும் காப்பாற்றத் தக்கதா? ஓர் ஊழியரின் கடவுச்சொல் திருடுபோய், இரவோடு இரவாக அவர் பெயரில் ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் குவிந்திருந்தால் அதைத் துடைப்பதுதானே கடமை? துடைக்க வேண்டும்தான், தயங்கினால் சர்வரின் ஐபி முகவரி பிளாக்லிஸ்டில் ஏறிவிடும், இறங்க நாளாகும். ஆனால் அது எந்தக் குவியல் என்று தெரிந்த பிறகு. அதே போஸ்ட்சூப்பரில் நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. முதலில் நிறுத்தி, கணக்கை முடக்கி, அனுப்பியவர் பெயரால் பிரித்து, குப்பையை மட்டும் அகற்றலாம். அந்தக் குவியலுக்கு நடுவே கணக்குப் பிரிவு அனுப்பிய நாற்பது விலைப்பட்டியலும் நின்றிருக்கும். கண்காணிப்புக் கருவி நாலாயிரம் என்று எண்ணிச் சொல்லும். அந்த நாற்பதைப் பிரிக்கச் சொல்லி அதை யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள்.

வரிசையைப் பிரிப்பவர் கடிதத்தைத் திறந்தும் பார்க்க முடியும் என்பது இன்னொரு விஷயம். போஸ்ட்கேட் என்று ஒரு கட்டளை போதும். தபால்காரர் அப்படிச் செய்தால் தண்டனை என்று 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம் எழுதிவைத்திருந்தது. மெயில் நிர்வாகிக்கு வகுப்பில் அந்தக் கட்டளையைக் கற்றுத்தருகிறார்கள், எப்போது தட்டக் கூடாது என்று ஒரு வாக்கியமும் இல்லை. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற, இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு மட்டும் ஒரு ஸ்லைடில் வந்துபோனது.

மூன்றாவது மறுப்பாக, முதலில் ஓடுகிற சர்வர் ஒன்று இருந்தால்தானே பழுதைக் காட்ட முடியும் என்பார்கள். சரிதான். ஆனால் ஆய்வகம் ஒரு தீவு. அங்கிருந்து 25-ஆம் போர்ட் வழியாக வெளியுலகத்துக்குக் கடிதம் போக விடுவதில்லை. பெரிய கிளவுட் நிறுவனங்களும் அந்தக் கதவை இயல்பாகச் சாத்தியே வைக்கின்றன. தீவுக்குள் மேசைக்கு மேசை போகும் கடிதம் எப்போதும் ஜெயிக்கும். ஒவ்வொரு மாலையும் இயந்திரங்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அன்றைய வரிசையில் ஏதாவது நின்றிருந்தால் அதுவும் சேர்ந்து அழியும். ஒரே ஒரு இயந்திரத்தை அப்படித் திருப்பாமல் ஓடவிட்டு, பதில் சொல்லாத ஒரு சர்வரின் பெயருக்குத் திங்கள் காலை ஒரு கடிதம் போடலாம். நாளெல்லாம் அது முயல்வதை லாக்கில் பார்க்கலாம். போஸ்ட்ஃபிக்ஸின் கணக்குப்படி அது திரும்பி வருவது சனிக்கிழமை. வகுப்பு வெள்ளிக்கிழமை மாலையே முடிந்து, சான்றிதழும் கொடுத்தாகிவிடும்.