சித்தப்பாவின் புல்லட்டும் நானும்

மெக்கானிக்கல் படிக்கிற பையன் ஒருத்தன் வீட்டில் இருந்தால் போதும், தெருவுக்கே ஒரு தெம்பு வந்துவிடுகிறது. மிக்ஸி ஓடலையா, போர் மோட்டார் தண்ணி எடுக்கலையா, "கூப்பிடு அவனை" என்பார்கள். லேத்தில் ஒரு போல்ட் கடைந்து மார்க் வாங்கியதோடு நம்ம தொழில் அனுபவம் முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்வதில்லை. அந்தக் கெத்தில் செய்த ஒரு காரியத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். வகுப்பில் யாரும் சிரிக்கக் கூடாது.

சிதம்பரத்தில் ஹாஸ்டல், அண்ணாகிராமத்தில் வீடு. சித்தப்பாவுக்குப் பலாப்பழ வியாபாரம். தோப்பு தோப்பாகப் போய்ப் பழம் பார்த்து, விலை பேசி, பண்ருட்டி மண்டிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவரிடம் இருப்பது 2010ல் வாங்கிய புல்லட் 350. வாங்கிய அடுத்த வருடமே, 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல். எங்கள் பக்கத்து ஆட்களிடம் அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நான் அப்போது சின்னப் பையன். விழுந்த மரத்தைக் கயிறு கட்டி இழுக்கும்போது கயிறு சுண்டி, சித்தப்பாவின் இடது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்றும் மடங்கும். அழுத்தம் மட்டும் கிடையாது.

புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்த கிளட்ச் எப்படி இருக்கும் என்று. மீதி இரண்டு விரலை வைத்தே சில வருடம் சமாளித்தார். கரும்பு சீசனில் நெல்லிக்குப்பம் ரோட்டில் ஆலைக்குப் போகிற டிராக்டர் வரிசைக்குப் பின்னால் மாட்டினால், பிடித்து விட்டு, பிடித்து விட்டு, வீட்டுக்கு வந்ததும் கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்கூட்டி வாங்குங்க என்று சித்தி சொன்னால் கோபம் வரும். கடைசியில் யாரோ சொல்லி, சென்னையில் ஒரு கடையில் ஹைட்ராலிக் கிளட்ச் கிட் மாட்டிக்கொண்டு வந்தார். ஊரில் அந்த மாதிரி வண்டி அது ஒன்றுதான். பார்க்கிறவனெல்லாம் "ஏன் ரெண்டு பக்கமும் பிரேக்கு?" என்று கேட்பான். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ஆயில் டப்பா இருந்தால் அப்படித்தான் தெரியும்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கேபிளுக்குப் பதில் ஆயில். லிவரை அமுக்கினால் மேலே மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாக இறங்கி, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்தும். அது, முன்பு கேபிள் இழுத்த அதே இன்ஜின் ஆர்மை இழுக்கும். பாஸ்கல் விதி, ஸ்கூல் பாடம். மேலே 10 மி.மீ. விட்டம், கீழே 20 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு நாலு மடங்கு, விசையும் நாலு மடங்கு. ஆனால் கீழே நகரும் தூரம் நாலில் ஒரு பங்குதான். ஓசியில் எதுவும் கிடைக்காது, கிளட்ச் பிரிய வேண்டிய தூரம் பிரிந்தே ஆக வேண்டும். அதனால் இந்த மாதிரி கிட்டில் பெரிய லாபம் உராய்வில்தான். பழைய கேபிள் வளைந்து நெளிந்து உறைக்குள் தேய்ந்துகொண்டு போகிற இடத்தில் பாதி பலம் வீணாகும். ஆயிலுக்கு வளைவு பற்றிக் கவலை இல்லை. ஹோண்டா, கவாஸாகி எல்லாம் 1980களிலேயே பெரிய வண்டிகளில் இதை வைத்துவிட்டார்கள். 1999ல் வந்த சுஸுகி ஹயபுசாவிலும் இதுதான். நம்ம ஊரில் அன்றாடம் ஓடுகிற வண்டிகளுக்கு மட்டும் இன்னும் கேபிள்.

பொங்கல் லீவில் வந்தபோது சித்தப்பா, "டப்பால ஆயில் கொறைஞ்ச மாதிரி தெரியுது, பாருடா" என்றார். பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. என் நண்பன் பல்சருக்கு வாங்கிய டாட் 4 பிரேக் ஆயில் மீதி இருந்தது, ஊற்றினேன். ஐந்து நிமிட வேலை. சித்தி காபி கொடுத்தார்.

சித்திரையில் மறுபடி வந்தால் சித்தப்பா கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பலா சீசன் ஆரம்பித்த நேரம். கிளட்ச் கல்லு மாதிரி இருக்கிறதாம். அமுக்கினால் போகவில்லை, விட்டால் லிவர் மெதுவாக, தூங்கி எழுந்த மாதிரி திரும்பி வருகிறது. மத்தியான வெயிலில் கொஞ்ச தூரம் ஓட்டினால் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறதாம். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.

நான் உடனே சொன்னேன், "ஏர் லாக் சித்தப்பா."

ஒரு பாதி நாள் ஏர் எடுத்தேன். நிப்பிளில் டியூப் மாட்டி, லிவரை அமுக்கி, நிப்பிளைத் திறந்து, மூடி, லிவரை விட்டு, திரும்ப. ஒரு குமிழி கூட வரவில்லை. மேலே அதே டாட் 4 ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் லிவர் காலையை விட இறுக்கமாக இருந்தது.

நின்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆயிலில் காற்று இருந்தால் லிவர் இறுகாது, தொளதொள என்று ஆகும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. தொளதொளப்பும் இறுக்கமும் நேர் எதிர் வியாதி. ஒன்றுக்கு உள்ள மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பைக் மெக்கானிக் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டி எறிஞ்சிட்டு கேபிளைப் போடுங்க" என்றார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கையைத் தடவிக்கொண்டார். அந்த ராத்திரி சித்தியிடம், மண்டிப் பக்கம் போவதை மச்சானிடம் விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மறுநாள் பண்ருட்டியில் ஒரு லாரி மேஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு போனோம். இது சித்தப்பாவுக்கே தோன்றிய யோசனை. "லாரில இதானே இருக்கு, அவருக்குத் தெரியாதா?" சரிதானே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். லிவரின் போல்ட் காய்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி, குழாய் எங்காவது நசுங்குகிறதா என்று பார்த்தார். பிறகு நிப்பிளைத் திறந்து, டியூபை ஒரு பாட்டிலில் விட்டு, "இப்ப அமுக்கு தம்பி" என்றார். அமுக்கினேன். அதே கல்லு.

"நிப்பிள் தொறந்திருக்கு. ஆயிலுக்குப் போக வழி இருக்கு. கீழ எந்த பாரமும் இல்ல. அப்பவும் டைட்டா இருக்குன்னா சிக்கல் எங்க?"

மேலே. மாஸ்டர் சிலிண்டரில். திறந்ததும் லிவர் இலகுவாகியிருந்தால் கோளாறு கீழே, ஸ்லேவிலோ கிளட்சிலோ என்று அர்த்தம். ஒரே ஒரு ஸ்பேனர், ஒரு நிமிடம், பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். எனக்கு ஒரு செமஸ்டர் பாடத்தில் இப்படி ஒன்று யாரும் காட்டவில்லை.

அப்புறம் அவர் டேங்கைப் பார்த்தார். ஆயில் டப்பாவுக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெயிண்ட் பொங்கி உரிந்திருந்தது.

"இதுல பிரேக் ஆயில் யாரு ஊத்துனது?"

டப்பா மூடியைத் துடைத்துக் காட்டினார். பொடி எழுத்தில், மினரல் ஆயில் மட்டும் ஊற்றவும் என்று இங்கிலீஷில் இருந்தது. எனக்கு வாய் வறண்டுவிட்டது. டாட் ஆயில் பெயிண்டைத் தின்னும், மினரல் ஆயில் தின்னாது. அந்தக் காசு வட்டம்தான் என் கையெழுத்து.

பிஸ்டனை வெளியே எடுத்தபோது ரப்பர் சீல் உப்பி, கொழகொழ என்று இருந்தது. மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் வேறு, டாட் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் வேறு. மாற்றி ஊற்றினால் ஊறி வீங்கும். வீங்கிய சீல் சிலிண்டருக்குள் அடைத்துக்கொண்டதால்தான் லிவர் இறுக்கம். அதே சீல் ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற சின்ன ஓட்டையையும் மூடிவிட்டது. சூட்டில் விரிந்த ஆயிலுக்குத் திரும்பிப் போக இடமில்லை, அது கிளட்சையே லேசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டது. மத்தியானத்தில் வண்டி இழுக்காததற்கு அதுதான் காரணம்.

"நான்தான் சித்தப்பா ஊத்தினேன், பொங்கலுக்கு" என்றேன். மேஸ்திரி குனிந்து வேலையைப் பார்த்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் கழித்து, "நான்தானே ஊத்தச் சொன்னேன்" என்றார். அவர் பார்க்கத்தான் சொன்னார், ஊற்றச் சொல்லவில்லை.

பழைய ஆயில் பட்ட ரப்பர் எதையும் நம்பக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மாஸ்டர் சீல், ஸ்லேவ் சீல், குழாய் எல்லாம் புதிது. சென்னையிலிருந்து கூரியரில் வர ஒன்பது நாள் ஆனது. காசு என்னுடையது, செமஸ்டர் டூருக்கு வைத்திருந்தது. அந்த ஒன்பது நாளும் அவரைப் பின்னால் உட்கார வைத்து நண்பனின் பல்சரில் தோப்பு தோப்பாகச் சுற்றினேன். பழத்தைத் தட்டிப் பார்த்து முற்றியதா என்று சொல்ல எனக்கும் கொஞ்சம் வருகிறது :-)

மாட்டி முடித்த அன்று சித்தப்பா லிவரை அந்த இரண்டு விரலாலேயே அமுக்கிப் பார்த்தார். போனது. விட்டதும் டப் என்று திரும்பியது. டேங்கில் உள்ள வட்டத்துக்கு டச்சப் அடித்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். மூடியில் மட்டும் நான் பெரிய எழுத்தில், தமிழில், மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.